நாள் தள்ளிப்போகும்வரை காத்திருக்க வேண்டாம்

"நாள் தள்ளிப் போகட்டும், அப்புறம் டாக்டரைப் பார்த்துக்கலாம்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் இந்தப் பேச்சில்தான் பெரிய தவறு இருக்கிறது. குழந்தை வேண்டும் என்று நினைத்தவுடனேயே, கரு தரிக்கும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூடிவிடும். நாள் தள்ளியதைக் கவனித்து, வீட்டில் டெஸ்ட் எடுத்து, டாக்டரிடம் போவதற்குள் அந்த நாட்கள் ஏறக்குறைய முடிந்தே போயிருக்கும். அதனால்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை, தினம் 400 மைக்ரோகிராம், கரு தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்னாலேயே தொடங்கச் சொல்கிறார்கள். சர்க்கரை நோயோ வலிப்போ இருந்தால் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம்; அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது மாத்திரை விஷயம். "தைராய்டுக்கு ஒண்ணு, வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்றால் டாக்டருக்கு எதுவும் புரியாது. 25 மைக்ரோகிராம் மாத்திரையும் வெள்ளையாக இருக்கலாம், 100 மைக்ரோகிராம் மாத்திரையும் வெள்ளையாக இருக்கலாம். டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். சூரணம், லேகியம் இருந்தால் அவற்றையும். முகப்பருவுக்கான மாத்திரையைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். அதில் ஐசோட்ரெடினோயின் இருந்தால், நிறுத்தி ஒரு மாதமாவது போன பிறகே கரு தரிக்கலாம். கருவில் கடுமையான குறைகளை உண்டாக்கக்கூடிய மருந்து அது. வலிப்பு மருந்தில் நேர்மாறான தவறு நடக்கிறது: பயந்துபோய்த் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். வலிப்பு மருந்துகளில் ஒன்றான சோடியம் வால்ப்ரோயேட் குழந்தைக்கு ஆபத்தானதுதான், ஆனால் அதை மாற்ற வேண்டியவர் டாக்டர்.

தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியிருந்தால் சொல்லக் கூச்சப்படாதீர்கள். திட்டுவதற்காகக் கேட்பதில்லை, தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்த நோய்) போன்றவற்றுக்கு இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை தேவையா என்று பார்க்கத்தான்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால், கல்யாணத்துக்கு முன் கலைந்த கருவைப் பற்றி வாய் திறக்காத பெண்கள் உண்டு. "டாக்டர், ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்" என்று கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போட்டால், கரு தரிக்க அதன்பின் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். இதற்காகவும் முன்கூட்டியே போவது நல்லது.

கணவரை வீட்டில் விட்டுவிட்டு வருவது என்னை மிகவும் வருத்தும் தவறு. குறை எப்போதும் பெண்ணிடம்தான் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அவர் இன்றைக்கு சிகரெட்டை நிறுத்தினாலும் பலன் தெரிய மூன்று மாதம் போக வேண்டும்.