வேலைக்குப் போகிறவர் மாரத்தான் ஓட: வாரத்தைப் பிரித்துக்கொள்வது எப்படி

மாரத்தான் தூரம் 42.195 கி.மீ. முதல் முறை ஓட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை எண்ணித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் பயிற்சி கெடத் தொடங்குவது வாரநாளில். வேலைப்பளுவில் இரண்டு ஓட்டம் விட்டுப்போகும். அதை ஈடுகட்ட ஞாயிறன்று ஒரேயடியாக 25 கி.மீ. ஓடுவார்கள். திங்கள் முழுக்கக் கால்வலி, செவ்வாய் ஓட்டமும் போச்சு. சில வாரம் இப்படியே போனால் முழங்காலோ கெண்டைக்காலோ மறுத்துவிடும். ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது வாரநாள்தான்.

வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் என்று மூன்று மாதமாவது தொடர்ந்து ஓடியவர் 16 முதல் 18 வாரப் பயிற்சியில் இறங்கலாம். அந்த அடித்தளம் இல்லாதவர் முதலில் 10 கி.மீ., பிறகு அரை மாரத்தான் என்று வரட்டும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். "இன்னும் ஓடலாம் போலிருக்கிறதே" என்று தோன்றுகிற இந்த இடைவெளியில்தான் காயங்கள் வருகின்றன. இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ கண்டவர்களும் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

வாரத்துக்கு நான்கு ஓட்டம் போதும்:

செவ்வாய்: 45 நிமிடம் மெதுவோட்டம்.
வியாழன்: 50 முதல் 60 நிமிடம். முதல் 15 நிமிடமும் கடைசி 10 நிமிடமும் மெதுவாக. நடுவில் 8 நிமிட வேக ஓட்டம் மூன்று முறை, இடையில் 2 நிமிடம் மெல்லோட்டம்.
சனி: 30 நிமிடம், மிக மெதுவாக.
ஞாயிறு: நீண்ட ஓட்டம்.

மெதுவோட்டம் என்றால் பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அது மெதுவோட்டம் இல்லை. வியாழன் வேக ஓட்டத்தில் மட்டும் நாலைந்து சொல் பேச வந்தால் போதும். பலரும் எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் ஓடுகிறார்கள். உடல் தேறவும் வழியில்லாத, வேகம் கூடவும் உதவாத வேகம் அது. மெதுவாக ஓட வெட்கப்படாதவர்தான் பதினெட்டு வாரமும் தாக்குப்பிடிப்பார்.

நீண்ட ஓட்டத்தை 12 கி.மீ.யில் தொடங்கி வாரம் 2 கி.மீ. கூட்டுங்கள். நான்காவது வாரம்தோறும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். உடல் பலமாவது அந்த வாரத்தில்தான். உச்சம் 28 முதல் 32 கி.மீ. தூரத்தைவிட நேரம் முக்கியம்: மூன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். கி.மீ.க்கு ஏழரை நிமிடம் எடுப்பவருக்கு அது 28 கி.மீ. அவர் 32ஐத் துரத்தினால் நான்கு மணி நேரம் ஆகும். பலனைவிட அலுப்பே மிஞ்சும், அடுத்த வாரமும் பாழாகும்.

விட்டுப்போன ஓட்டத்தைப் பின்னால் சேர்த்து ஓடாதீர்கள். ஒரு வாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரண்டு வாரம் போனால் நீண்ட ஓட்டத்தை இரண்டு படி இறக்குங்கள். காய்ச்சலோடு ஓடவே கூடாது. இரவு தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போயிருந்தால் வேக ஓட்டத்தை விட்டுவிட்டு அரை மணி நேரம் மெல்ல ஓடுங்கள், அல்லது தூங்குங்கள்.

வார இறுதியில் நண்பர்களோடு பந்தோ பாட்மிண்டனோ ஆடுகிறவர் அதை விட வேண்டியதில்லை. ஓட்டத்தில் கிடைக்காத பக்கவாட்டு அசைவும் துள்ளலும் அதில் கிடைக்கும். ஆனால் அதை ஒரு வேக ஓட்டமாகவே கணக்கில் வையுங்கள்: அந்த வாரம் வியாழன் வேகப் பகுதி கிடையாது. நீண்ட ஓட்டம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் ஆட்டம் வேண்டாம். களைத்த கெண்டைக்கால் தசை திடீர்ப் பாய்ச்சலில் கிழிந்துபோகக்கூடும். போட்டிக்கு முந்தைய மூன்று வாரம் ஆட்டத்துக்கு முழு விடுப்பு.

புதன்கிழமை 20 நிமிடம் தசைப் பயிற்சி. படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் 12 வீதம் மூன்று முறை. முழங்காலை மடித்தபடி இன்னொரு சுற்று. ஓட்டத்தின் சுமையைப் பெரிதும் தாங்குகிற அடிக்கெண்டைத் தசை மடித்த நிலையில்தான் நன்றாக வேலை செய்கிறது. ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவதையும், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலியைப் பிரித்தறியப் பழகுங்கள். இரண்டு காலிலும் பரவலாக, தொடங்கும்போது இருந்து ஓட ஓடக் குறைவது பெரும்பாலும் அலுப்பு. எலும்பின் மேல் ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய புள்ளியில், ஓட ஓடக் கூடி, ஒற்றைக் காலில் குதித்தால் குத்துகிற வலி எலும்பு விரிசலாக இருக்கலாம். அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தினால் அது பெரும்பாலும் உள்ளங்காலில் ஓடும் பட்டையின் அழற்சி. ஓட்டத்தைக் குறைத்து, குதிகால் உயர்த்தும் பயிற்சியை மெதுவாகக் கூட்டுவது உதவும். வலிநிவாரணி போட்டுக்கொண்டு ஓடுவது ஆபத்து. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நீர் குறைந்த உடலில் சிறுநீரகத்தைத் தாக்கும்.

ஷூவில் நீளமான கால்விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், ஏனென்றால் நெடுந்தூரத்தில் பாதம் வீங்கும். இடமில்லாவிட்டால் நகம் கறுக்கும். 500 முதல் 800 கி.மீ. வரை ஒரு ஜோடி தாங்கும். போட்டியன்று புது ஷூ வேண்டாம், 50 கி.மீ.யாவது ஓடிப் பழகியதாக இருக்கட்டும்.

30 கி.மீ.க்குப் பிறகு கால் கட்டிப்போட்டதுபோல் ஆவதற்குக் காரணம் எளிய கணக்கு. ஓட்டத்துக்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்கு ஒரு கிலோகலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் சுமார் 2,700. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாக, அதாவது சேமித்த மாவுச்சத்தாக, இருப்பு சுமார் 2,000 வரைதான். கொழுப்பு துணைக்கு வரும், ஆனால் மெதுவாக. எனவே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓட்டத்தின்போது உறிஞ்சும் மாவுச்சத்துக் கூழ்ப் பொட்டலமான ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும். முதல் ஜெல் 40ஆவது நிமிடத்தில், பிறகு அரை மணிக்கு ஒன்று, களைப்பு வரும்வரை காத்திராமல். ஜெல்லோடு வெறும் தண்ணீர் மட்டும் குடியுங்கள். இனிப்பு பானத்தையும் சேர்த்தால் வயிற்றில் செறிவு கூடிக் குமட்டும். குடலுக்கும் பழக்கம் வேண்டும் என்பதால் கடைசி ஐந்தாறு நீண்ட ஓட்டத்திலும் இதையே செய்து பாருங்கள்.

தண்ணீர் தாகத்துக்கு மட்டும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள். மிதமிஞ்சிய தண்ணீரால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடைசி மூன்று வாரம் தூரத்தைப் படிப்படியாகப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். ஓடும் நாட்களும் வேகமும் மாற வேண்டாம். இந்த வாரங்களில் உடல் கனமாகத் தோன்றும், இல்லாத வலியெல்லாம் தெரியும். பயந்துபோய் கடைசி நேரத்தில் ஒரு நீண்ட ஓட்டம் போட்டுவிடாதீர்கள். அதன் பலன் போட்டிக்குள் வந்து சேராது. முந்தைய இரண்டு நாள் மாவுச்சத்தைக் கூட்டி நார்ச்சத்தைக் குறையுங்கள். உராயும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

ஐந்து மணி நேரம் குறி என்றால் கி.மீ.க்கு 7:06. முதல் 10 கி.மீ.யை 6:40இல் ஓடினால் நான்கு நிமிடத்துக்கு மேல் மிச்சமானதுபோல் தெரியும். 32க்கு மேல் நடக்க நேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு போய்விடும். முதல் 5 கி.மீ. குறியைவிட 10 வினாடி மெதுவாகவே போகட்டும். இன்னொன்று: பாதை மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுகிறது; வளைவுகளில் விலகி ஓடுவதால் கையில் கட்டிய ஜிபிஎஸ் கடிகாரம் 42.5 கி.மீ.க்கு மேல் காட்டுவது வழக்கம். அதனால் 7:06க்கு கடிகாரத்தில் 7:02 வைத்துக்கொண்டு, பாதையோரக் கி.மீ. பலகையோடு ஒப்பிடுங்கள்.

முடித்தவுடன் உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். திடீரென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். முதல் வாரம் நடை மட்டும். இரண்டாம் வாரம் 20 முதல் 30 நிமிட மெதுவோட்டம் இரண்டு முறை. படி இறங்கும்போது தொடை வலிக்கும் வரை ஓட்டத்தைத் தொடவே வேண்டாம். வேக ஓட்டமும் ஆட்டமும் நான்காவது வாரத்தில்.