கொல்லையில் எத்தனை மி.மீ. ஈரம் இருக்கிறது? எக்செல்லில் கணக்குப் போடலாம்

காட்பாடிப் பக்கம் எங்கள் மானாவாரிக் கொல்லை மணல் கலந்த செம்மண். மழை பெய்து பத்து நாள் ஆனபின் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்க ஈரம் நிற்குமா என்று பார்க்கத்தான் இதைத் தொடங்கினேன். பைத்தான் நிரல் வேண்டாம், எக்செல் போதும். எண்கள் கண்முன் நிற்பதால் தப்பு உடனே தெரியும்.

மண்ணை இரண்டு வாளியாக வையுங்கள்: மேல் 10 செ.மீ., அதற்குக் கீழ் 50 செ.மீ. வடிந்தபின் தங்கும் ஈரம் 22%, பயிர் வாடும் ஈரம் 10% என்றால் கீழ் வாளி (500 மி.மீ. ஆழத்தில் 12%) 60 மி.மீ. பிடிக்கும். மேல்மண்ணை வெயில் 5% வரை, அதாவது வாடும் ஈரத்தில் பாதி வரை, உலர்த்தும். அதனால் மேல் வாளி (100 மி.மீ. ஆழத்தில் 17%) 17 மி.மீ.

தினமும் முதலில் மழை (வரப்பைத் தாண்டி ஓடியதைக் கழித்துவிட்டு), அப்புறம் வடிதல், கடைசியில் ஆவியாதல். மேல் வாளி வறண்டிருக்க 40 மி.மீ. பெய்தால் 23 கீழே இறங்கும். அங்கே நிரம்ப 15 தான் குறைகிறது என்றால் மீதி 8 வடிந்து போகும்.

நான் சறுக்கியது ஆவியாதலில். தினம் 6 மி.மீ. கழித்துக்கொண்டே போனேன். பத்து நாளில் 60 மி.மீ. போய் கீழ்மண்ணும் காய்ந்ததாகக் கணக்கு காட்டியது. சந்தேகத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் வெட்டினேன். மேலே புழுதி. கீழ்மண்ணோ பிடித்தால் உருண்டையாக நின்றது, நகக்கண்ணில் சிவப்பாக அப்பியது.

முதல் 8 மி.மீ. தான் வெயிலின் வேகத்தில் போகும். அதன்பின் காய்ந்த மேல்மண்ணே மூடி மாதிரி தடுக்கும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 56-ஆம் எண் கையேடு (1998) இதற்கு ஒரு குறைப்பு எண் தருகிறது. மேல் வாளியில் 12 மி.மீ. போயிருந்தால் (17 − 12) ÷ (17 − 8) = 0.56. நான் கழித்த அந்த 6 மி.மீ. புல்தரையிலிருந்து ஒரு நாளில் ஆவியாகும் அளவு, ஈரமான வெறும் மண்ணுக்கு 1.2 மடங்கு, 7.2. இதை 0.56-ஆல் பெருக்கினால் அன்றைய இழப்பு 4 மி.மீ. வெறும் கொல்லையில் இதை மேல் வாளியில் மட்டும் கழியுங்கள்.

பின்சேர்க்கை: மண் பரிசோதனைத் தாளில் 14.7%, 6.7% என்று இருப்பதாக இருவர் எழுதினார்கள். அது எடைக் கணக்கு, மேலே நான் போட்டது பருமன் (கன அளவு) கணக்கு. மண்ணின் பருமன் அடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணில் உள்ள காய்ந்த மண்ணின் எடை, கிராமில்) 1.5 என்றால் இரண்டையும் அதனால் பெருக்கி 22, 10 என்று போடுங்கள்.