60 பேரிடம் பலித்த பயிற்சி 20,000 பேரிடம் ஏன் படுத்துவிடுகிறது?

இணையவழிப் பயிற்சி ஒன்றைத் தலைமை அலுவலகத்தில் 60 பேரிடம் வெள்ளோட்டம் விடுகிறார்கள். எல்லாரும் முடிக்கிறார்கள், பாராட்டுகிறார்கள். அடுத்த காலாண்டிலேயே நிறுவனம் முழுவதற்கும் விரிக்க உத்தரவு வந்துவிடுகிறது. அந்த 60 பேர் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தாமாகப் பெயர் கொடுத்தவர்கள். ஆளுக்கொரு கணினி உள்ளவர்கள். சந்தேகம் என்றால் பயிற்சிப் பிரிவில் இருவர் உடனே போனை எடுத்தார்கள். 30 பேருக்கு ஒருவர் என்ற அந்தக் கணக்கில் 20,000 பேருக்கு 667 பேர் வேண்டும். அத்தனை பேரை யாரும் நியமிக்கப் போவதில்லை. ஆனால் அந்த இருவர் செய்த வேலையை இனி யார் செய்வது என்பதற்குத் திட்டத்தில் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா? பிரிவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது நல்ல வழிதான். அவருடைய வழக்கமான வேலையில் சில மணி நேரத்தைக் குறைக்காமல் பொறுப்பை மட்டும் ஏற்றினால், மூன்றாம் வாரமே அவர் போனை எடுக்க மாட்டார்.

எல்லாரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைப்பது அடுத்த தவறு. கிடங்கில் இரவு ஷிப்ட். நாற்பது பேருக்கு ஒரே கணினி. ஒருவர் கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார். மாற்றுவதற்கான இணைப்பு அலுவலக மின்னஞ்சலுக்குப் போகும் என்கிறது திரை. அவருக்கு அலுவலக மின்னஞ்சலே கிடையாது. அறிக்கையில் அவர் ‘ஆர்வமில்லாதவர்’ பட்டியலில் சேர்ந்துவிடுவார்.

நுழைந்தவருக்கும் வேறொரு குழி காத்திருக்கிறது. இணையவழிப் பாடமும் அதை ஓட்டும் தளமும் பேசிக்கொள்வதற்கான ஸ்கார்ம் (SCORM) என்ற தரத்தின், 2001இல் வந்த 1.2 பதிப்பில் அமைந்த பாடங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. படிப்பவர் எங்கே விட்டார் என்ற குறிப்புக்கு அதில் 4,096 எழுத்துகளுக்குத்தான் இடம். இரண்டு மணி நேரப் பாடத்தை ஒரே பொதியாகக் கட்டினால் அந்த இடம் நிரம்பி, விட்ட இடம் பதிவாகாமல் போகலாம். ஒரே அமர்வில் முடித்த வெள்ளோட்டக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் கிடைப்பவர்தான் தினமும் முதல் பக்கத்தில் போய் நிற்பார். பாடத்தைச் சிறு துண்டுகளாக வெட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

காணொளியின் எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 150 எம்பி கோப்பை 20,000 பேர் திறந்தால் 3 டெராபைட் தரவு இணைய இணைப்புகளில் ஓட வேண்டும்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது ‘முடித்தவர்கள் இத்தனை சதவீதம்’ என்ற எண். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அது எகிறும். ‘அடுத்து’ பொத்தானை அழுத்திக்கொண்டே போனவர்களும் அதில் அடக்கம். பயிற்சியை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் நான்கு படிகளைச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. முடித்தோர் கணக்கு இதில் முதல் படியைக்கூடத் தொடுவதில்லை. பயிற்சி சரக்கைச் சரிபார்ப்பது பற்றியதென்றால், தவறாக அனுப்பப்பட்டுத் திரும்பி வந்த பெட்டிகளைப் பயிற்சிக்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும் எண்ணிப் பாருங்கள். அந்த எண் பயிற்சிப் பிரிவிடம் இருக்காது. கிடங்கு மேலாளரிடம் இருக்கும்.

விரிப்பதற்கு முன் இரண்டாவது வெள்ளோட்டம் ஒன்றை அந்த இரவு ஷிப்டிலேயே நடத்துங்கள், பயிற்சிப் பிரிவினர் யாரும் பக்கத்தில் நிற்காமல். பணி அட்டவணையில் படிப்புக்கென்று நேரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பது முதல் இரவே தெரிந்துவிடும்.