உங்கள் மொபைல் கேமை எப்போது வெளியிடலாம்? தனியாகச் செய்பவர்களுக்கு ஒரு வழிமுறை

தனியாக கேம் செய்பவர்களிடம் பேசினால் அடிக்கடி கேட்பது: "இன்னும் ஒரே ஒரு லெவல், அப்புறம் வெளியிட்டுவிடுவேன்." அந்த லெவல் முடிவதற்குள் இன்னொரு யோசனை வந்துவிடும். மனதுக்குத் திருப்தி வரட்டும் என்று காத்திருந்தால் முடிவே கிடைக்காது. எது நடந்தால் வெளியிடுவேன் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கோடு போடுங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம், சரிசெய்யாமல் வெளியிடவே கூடாதவை: கிராஷ் (ஆட்டம் திடீரென்று தானாக மூடிக்கொள்வது), சேமித்த ஆட்டம் அழிந்துபோவது, பணம் கட்டியும் பொருள் வராதது, முதல் லெவலில் வழி தெரியாமல் நிற்பது. வலப்பக்கம், அப்டேட்டில் பார்த்துக்கொள்ளக்கூடியவை: புது கேரக்டர், கூடுதல் இசை, லீடர்போர்டு. இனி எந்தப் புது யோசனை வந்தாலும் வலப்பக்கம்தான் போக வேண்டும்.

படி 2: தெரியாதவர் கையில் கொடுங்கள்

இதைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள். உண்மையான விடை கிடைப்பதும் இங்கேதான். கேமைப் பார்த்தே இராத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். உங்கள் போன் வேண்டாம், ரேம் குறைந்த பழைய போனாக இருக்கட்டும். கொடுத்த பிறகு வாயைத் திறக்காதீர்கள். "அதைத் தொடுங்க" என்று சொல்லிவிட்டால் அந்தச் சோதனை அதோடு வீண்.

கட்டைவிரலைக் கவனியுங்கள். அலங்காரத்துக்கு வைத்த மரத்தை பட்டன் என்று நினைத்து மூன்று முறை தட்டுவார். நீங்கள் எழுதிய விளக்கத்தைப் படிக்காமலே தள்ளிவிடுவார். எங்கே கை தயங்கி நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் "நல்லா இருக்கு" என்று சொல்வதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, கேட்காமலே இரண்டாவது ஆட்டம் தொடங்கினாரா என்று மட்டும் பாருங்கள்.

படி 3: ஆட்டத்தைக் குலையுங்கள்

பாதி லெவலில் போன் அழைப்பு வர வையுங்கள். திரையை அணையுங்கள். நெட்டை நிறுத்துங்கள். வேறு ஆப்புக்குப் போய்ப் பத்து நிமிடம் கழித்துத் திரும்புங்கள். நினைவகம் போதாதபோது பின்னணியில் இருக்கும் ஆப்பை ஆண்ட்ராய்டு சொல்லாமலே மூடிவிடும். ஆகவே மூடும்போது சேமிக்கலாம் என்று எழுதிய நிரலை நம்ப முடியாது. ஆட்டம் பின்னணிக்குப் போகும் கணத்திலேயே சேமித்துவிட வேண்டும்.

படி 4: 14 நாள் சோதனை

2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுள் பிளேயில் தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், குறைந்தது 12 டெஸ்டர்களை வைத்து 14 நாள் தொடர்ச்சியாக குளோஸ்டு டெஸ்ட் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆடிப் பார்க்கும் சோதனை) நடத்திய பிறகே வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். (முதலில் 20 பேர் தேவைப்பட்டது, 2024 டிசம்பரில் குறைத்தார்கள்.) நடுவில் யாராவது விலகலாம். ஆகவே சிலரைக் கூடுதலாகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிராஷ் விகிதம் 1.09 சதவீதத்தையும், ஆட்டம் உறைந்து பதில் சொல்லாமல் நிற்கும் விகிதம் 0.47 சதவீதத்தையும் தாண்டினால், பிளே ஸ்டோரில் உங்கள் கேம் கண்ணில் படுவது குறையலாம். ஆனால் பன்னிரண்டு பேரை வைத்துச் சதவீதம் பார்ப்பதில் அர்த்தமில்லை. வரும் ஒவ்வொரு கிராஷையும் தனித்தனியாகத் திறந்து காரணத்தைத் தேடுங்கள்.

ஐபோனுக்கு ஆப்பிளின் சோதனைச் செயலியான டெஸ்ட்ஃபிளைட் போதும். அதில் ஏற்றும் ஒரு பில்டு (கேமின் ஒரு பதிப்பு) 90 நாள் வரை வேலை செய்யும்.

படி 5: சின்னதாகத் தொடங்குங்கள்

இடப்பக்கம் காலியாகிவிட்டதா? புதியவர்கள் உதவியில்லாமல் முதல் லெவலைத் தாண்டுகிறார்களா? சரி, வெளியிடுங்கள். வலப்பக்கம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

பயனர்களில் சில சதவீதத்தினருக்கு மட்டும் முதலில் அனுப்பும் வசதி பிளே ஸ்டோரில் அப்டேட்டுகளுக்குத்தான் உண்டு, முதல் வெளியீட்டுக்குக் கிடையாது. அதனால் நாடுகளைக் குறைத்துத் தொடங்குங்கள். ஒன்றிரண்டு நாடுகளில் மட்டும் திறந்து, அடுத்த சில நாட்களுக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கண்ணால் கூடப் பார்த்திராத போன் மாடல்களிலிருந்து கிராஷ் அறிக்கைகள் வரும். அவற்றைச் சரிசெய்து அப்டேட் கொடுத்த பிறகு மற்ற நாடுகளையும் திறந்துவிடுங்கள்.