சான் ஃப்ருத்துவோசோ: கூழாங்கல் கரைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலியின் லிகூரியா கடலோரத்தில், காமோலிக்கும் போர்ட்டோஃபினோவுக்கும் நடுவே ஒரு மலை கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த மலையின் மடிப்பில் ஒளிந்திருக்கும் சின்னக் குடாதான் சான் ஃப்ருத்துவோசோ. கார் போகும் சாலை கிடையாது. படகில் போகலாம், இல்லையென்றால் மலைப்பாதையில் நடந்து போகலாம். அதனால் திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மற்ற எதையும் யோசிக்க வேண்டும்.

படி 1: கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

படகு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. அன்று காலையில் படகுத்துறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கோடையில் கடைசிப் படகுக்குக் கூட்டம் நெருக்கித் தள்ளும். அதற்கு முந்தைய படகில் ஏறுவதாகவே திட்டமிடுங்கள்.

படி 2: காமோலி வரை ரயில்

ஜெனோவாவிலிருந்து உள்ளூர் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் காமோலி வந்துவிடும். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை போட மறக்காதீர்கள், இல்லையென்றால் அபராதம்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. ஜெனோவா நகருக்குள்ளேயே சான் ஃப்ருத்துவோசோ என்று ஒரு பேட்டை இருக்கிறது. போதாததற்கு, காமோலி ரயில் நிலையத்தின் பெயரிலும் சான் ஃப்ருத்துவோசோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேப்பில் தேடும்போது 'சான் ஃப்ருத்துவோசோ தி காமோலி' என்று முழுப்பெயரையும் போடுங்கள்.

நிலையத்திலிருந்து படியிறங்கித் துறைமுகம் போகும் வழியில் ஃபொக்காச்சா ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஆலிவ் எண்ணெய் ஊறிய அந்த ரொட்டி மதியம் வரை நன்றாக இருக்கும். குடாவில் சாப்பாட்டுக் கடைகள் இருந்தாலும் இடம் கிடைப்பது கஷ்டம்.

படி 3: படகு

சுமார் அரை மணி நேரப் பயணம். வழியில் புந்தா கியாப்பாவில் நிற்கும், அங்கே இறங்கிவிடாதீர்கள். குடா திரும்பும் வரை வெறும் பாறைதான் தெரியும். திரும்பியதும் கல் வளைவுகளோடு மடாலயம் தண்ணீருக்கு மேல் எழுந்து நிற்கும். அந்த நொடிக்காகவே படகில் வரலாம் என்பேன்.

நடக்க விரும்பினால் போர்ட்டோஃபினோவிலிருந்து வரும் பாதையைத் தேர்ந்தெடுங்கள், ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். காமோலிப் பக்கம் கடலோரமாக வரும் பாதையில் சில இடங்களில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் பாறையைக் கடக்க முடியும். முதல்முறை வருகிறவர்களுக்கு அது வேண்டாம்.

படி 4: கல்லில் உட்காருவதும் கடலில் இறங்குவதும்

மெரினா மணலில் நடந்து பழகிய கால் இங்கே தடுமாறும். முதல்முறை சாதாரண ரப்பர் செருப்போடு போனேன். இரண்டாவது அலையிலேயே ஒரு செருப்பு கழன்று போய்விட்டது, வெறுங்காலோடு கரையேற ரொம்பவே சிரமப்பட்டேன். காலை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் அடிச் சப்பாத்து கட்டாயம் தேவை. உட்கார மெல்லிய துண்டு போதாது, தடித்த விரிப்பு எடுத்துப் போங்கள்.

கரையில் சில அடி இறங்கினாலே ஆழம் வந்துவிடும். நீச்சல் தெரியாதவர்கள் முழங்கால் அளவோடு நிற்பது நல்லது. திரும்பும்போது கரைக்கு அருகில் வந்ததும் எழுந்து நிற்க முயலாதீர்கள். பின்வாங்கும் அலை காலடிக் கற்களை உருட்டி இழுக்கும். கையையும் ஊன்றி, அடுத்த அலை தள்ளும்போது ஏறுங்கள்.

ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிறகு பின்னால் இருக்கும் மலைப்பாறையைப் பாருங்கள். பழங்காலத்துக் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி உண்டான பாறை அது. அதே உருண்டைகள் அதில் பதிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். பார்த்துவிட்டுக் கல்லை அங்கேயே வைத்துவிடுங்கள். இத்தாலியக் கடற்கரைகளிலிருந்து கல், மணல் எடுத்துப் போவது சட்டப்படி குற்றம்.

படி 5: மடாலயத்துக்கு ஒரு மணி நேரம்

நீந்திவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள். பெனடிக்ட் சபைத் துறவிகள் வாழ்ந்த இடம் இது. ஜெனோவாவின் தோரியா குடும்பத்தாரின் 13ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு உள்ளே இருக்கின்றன. நீங்கள் படுத்திருந்த கரையின் கதையும் இந்தக் கட்டடத்தோடு சேர்ந்ததுதான். 1915இல் வந்த பெருவெள்ளம் மடாலயத்தின் ஒரு பகுதியை இடித்துக்கொண்டு போனது. அது அடித்து வந்த கல்லும் மண்ணும் குவிந்துதான் முன்னால் இந்தக் கரை உண்டானது. 1983இல் தோரியா பம்ஃபீலி குடும்பம் மடாலயத்தை இத்தாலியப் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையான ஃபாயிக்குக் கொடுத்தது.

குடாவின் நீருக்கடியில், சுமார் 17 மீட்டர் ஆழத்தில், கைகளை மேலே உயர்த்தி நிற்கும் வெண்கல இயேசு சிலை இருக்கிறது. குயீதோ கல்லெத்தி வடித்தது, 1954 ஆகஸ்டில் இறக்கினார்கள். 1947இல் இதே இடத்தில் முக்குளிக்கும்போது இறந்த தாரியோ கொன்சாத்தியின் நினைவும் அதில் இருக்கிறது. முக்குளிக்கத் தெரியாதவர்கள் தேவாலயத்தில் உள்ள அதன் பிரதியைப் பார்க்கலாம். அதன் முன் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, படகு வருவதற்கு அரை மணி முன்னதாகத் துறைக்கு வந்துவிடுங்கள். வரிசை அதற்குள் தொடங்கியிருக்கும்.