ஆட்டோ கியர் பிக்கப்புல லோடு அடிக்கிறீங்களா, கியர்பாக்ஸ் சூட்ட கொஞ்சம் கவனிங்க

போன வருஷம் சிங்கப்பூர்ல எங்க கம்பெனி பிக்கப் ஒண்ணுக்கு கியர்பாக்ஸ் பிரிச்சு செய்ய அஞ்சாயிரம் வெள்ளிக்கு மேல ஆச்சு, மீட்டர்ல 90 ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓடல. ஆட்டோன்னாலே இப்படித்தான், மேனுவல் வாங்கிருக்கணும்னு முதலாளி ஒரே புலம்பல். ஆனா புதுசா சேர்ற பசங்கள்ல பாதி பேரு கிளாஸ் 3ஏ லைசன்ஸ், கிளச் வண்டிய தொடவே கூடாது, அப்புறம் எங்க மேனுவல் வாங்கி யாரு ஓட்டுறது. நானும் அதுக்கப்புறம்தான் உக்காந்து இத ஒழுங்கா கத்துக்கிட்டேன். கியர்பாக்ஸ் மட்டமானது இல்ல, நாங்க அத அவிச்சிட்டோம், அதான் உண்மை.

முதல்ல சூடு எங்கேருந்து வருதுன்னு பாத்துருவோம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல டார்க் கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கு, இன்ஜின் பக்கம் ஒரு சக்கரம், கியர் பக்கம் ஒரு சக்கரம், நடுவுல வெறும் எண்ணெய்தான். லோட வச்சிக்கிட்டு வண்டி நகர மாட்டேங்குது, நீங்க ஆக்சிலேட்டர மிதிக்கிறீங்கன்னா, இன்ஜின் குடுக்குற சக்தியில பெரும்பங்கு அந்த எண்ணெய கலக்குறதுலயே போயி சூடாயிடுது. கொஞ்சம் வேகம் எடுத்ததும் உள்ள ஒரு லாக்கப் கிளச் ரெண்டு சக்கரத்தையும் சேத்து பிடிச்சிக்கும், அப்புறம் சூடு நல்லா குறைஞ்சிடும். அதனால ஃபுல் லோடோட ஏஒய்இ எக்ஸ்பிரஸ்வேல 70ல போறப்ப கியர்பாக்ஸ் நிம்மதியா இருக்கும், சைட்டுக்குள்ள மண் சரிவுல ரிவர்ஸ்ல 5 கிலோமீட்டர் வேகத்துல ஏத்துறப்பதான் அவிஞ்சு சாகும். எங்க வண்டியில நடந்ததும் அதுதான், பேஸ்மெண்ட் ராம்ப்ல வண்டி ஓட்டுற தம்பி பிரேக்க மிதிக்காம ஆக்சிலேட்டராலயே வண்டிய சரிவுல பிடிச்சு நிறுத்தி வச்சிருந்தான், ஃபோர்க்லிஃப்ட் நகர்ற வரைக்கும் அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம்னு, டெய்லி.

இதுல பெரிய ஏமாத்து என்னன்னா டாஷ்போர்டுல இருக்குற டெம்பரேச்சர் முள்ளு. அது இன்ஜின் தண்ணி சூடு, கியர் எண்ணெய் சூடு இல்ல. முள்ளு நடுவுல சமத்தா நிக்கும், கீழ கியர் எண்ணெய் 130ல இருக்கும். சில வண்டியில கியர் எண்ணெய் சூட்டுக்குன்னே ஏடி ஆயில் டெம்ப் லைட் உண்டு, ஆனா அது எரியிறதுக்குள்ள பாதி பாவம் நடந்து முடிஞ்சிருக்கும். ஷாப்பீ ஆன்லைன் கடையில ஓபிடி புளூடூத் ரீடர், அதாவது வண்டி கம்ப்யூட்டர் நம்பர ஃபோன்ல காட்டுற கருவி, ஒண்ணு வாங்குங்க, ஸ்டியரிங்குக்கு கீழ சொருகி, ஃபோன்ல ஆப் போட்டு, ஏடிஎஃப் டெம்பரேச்சர், அதாவது கியர் எண்ணெய் சூடு, காட்டுதான்னு பாருங்க. எல்லா மாடலுக்கும் நேரா காட்டாது, அந்த மாடலுக்குன்னு ஒரு கோட் நம்பர ஆப்ல தனியா போட வேண்டியிருக்கும், அரை மணி நேரம் தேடுனா கிடைச்சிடும்.

நம்பர் கணக்கு தோராயமா இப்படி வச்சிக்கோங்க. 80லேருந்து 95 டிகிரி வரைக்கும் நார்மல். 110 தாண்டுனா கால லேசாக்குங்க. 120 வந்தா ஓரமா நிறுத்துங்க. 130க்கு மேல ரப்பர் சீல் இறுக ஆரம்பிக்கும், 145 கிட்ட போனா கியர்பாக்ஸுக்குள்ள இருக்குற கிளச் தட்டு கருகும். மெக்கானிக்குங்க சொல்ற பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, 80க்கு மேல ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயோட ஆயுசு பாதியாகும்னு. இப்ப வர்ற சிந்தெடிக் எண்ணெய் அதவிட தாங்கும், ஆனா நம்ம ஊர் வெயில்ல நான் அந்த பழைய கணக்கத்தான் நம்புவேன்.

நிறுத்துங்கன்னு சொன்னேனே, உடனே சாவிய திருப்பி ஆஃப் பண்ணிடாதீங்க. இன்ஜின் நின்னா பம்ப்பும் நின்னுடும், எண்ணெய் கூலருக்கு போகாம அங்கயே வெந்துட்டு இருக்கும். பி-ல போட்டு 1200 ஆர்பிஎம் கிட்ட பிடிங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல நம்பர் இறங்குறத கண்ணால பாக்கலாம். அதுக்குன்னு ஏசிய போட்டுட்டு அரை மணி நேரம் தூங்கிடாதீங்க, நிக்கிற வண்டியில இன்ஜின சும்மா ஓடவிட்டா இங்க சம்மன் வரும்.

ஓட்டுறதுல மாத்த வேண்டியது என்னன்னா, 4x4 வண்டியா இருந்தா சைட் சரிவுல லோடோட ஏறுறப்ப 4எல், அதாவது நாலு சக்கரமும் இழுக்குற லோ கியர், போடுங்க. நிறைய பேரு அந்த நாப்ப வாழ்க்கையில திருகுனதே இல்ல! 4எல்ல இழுவை கூடும், கன்வெர்ட்டர் வழுக்குறது குறையும், சூடும் குறையும். ஆனா மண்ணு, சேறு, ஈரத்துல மட்டும்தான், காஞ்ச கான்கிரீட்ல 4எல்லோட ஸ்டியரிங்க ஒடிச்சா டிரைவ்லைன், அதாவது சக்கரத்துக்கு சக்தி கொண்டு போற தண்டு, முறுக்கிக்கும். அப்புறம் பிகேஇ எக்ஸ்பிரஸ்வே மாதிரி ஏத்தம் வர்ற இடத்துல லோடோட 70ல போறப்ப கியர் அஞ்சு ஆறு அஞ்சு ஆறுன்னு தாவிட்டே இருக்கும், ஒவ்வொரு தாவலுக்கும் லாக்கப் விட்டுட்டு பிடிக்கும், அப்ப கியர நாமளே பிடிச்சு வைக்கிற எஸ் மோடுல போட்டு ஒரு கியர் கீழயே பூட்டி வைங்க, டீசல் கொஞ்சம் கூட குடிக்கும், பரவால்ல. ஜொகூர் போற உட்லண்ட்ஸ் பாலத்துல ஜாம்ல ஒரே இடத்துல நிக்கிறப்ப என்-ல போடுறது நல்லதுதான், ஆனா இறக்கத்துல டீசல் மிச்சம்னு என்-ல உருட்டிட்டு போகாதீங்க, அது வேற வம்பு.

லோடு கணக்கும் பாருங்க. 25 கிலோ டைல் குளூ மூட்டை 40 ஏத்துனாலே ஆயிரம் கிலோ, அதுக்கு மேல ரெண்டு ஆளு, டூல் பாக்ஸ். வண்டி எவ்வளவு தாங்கும்னு வண்டியோட பதிவு விவரம் இருக்குற லாக் கார்டுலயும் கதவுலயும் போட்டிருக்கு, ஃபோர்மேனுக்கு அத காட்டுங்க.

கூலர் பக்கம் வருவோம். நிறைய பிக்கப்புல கியர் எண்ணெய் ரேடியேட்டருக்குள்ளயே ஒரு குழாய்ல ஓடி குளிரும். இதுல ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, முன்னாடி கிரில்ல சிமெண்டு தூசி அடைச்சு காத்து போகாது, வாரம் ஒரு தடவ மெதுவா தண்ணி அடிங்க, ஹை பிரஷர் கன்ன கிட்ட கொண்டு போனா ஃபின் எல்லாம் மடங்கிடும். ரேடியேட்டர் ஃபேன சுத்த வைக்கிற ஃபேன் கிளச் லூசானாலும் மெதுவா ஓட்டுறப்பதான் தெரியும், இன்ஜின் சூடா இருக்கும்போது ஆஃப் பண்ணிட்டு ஃபேன கையால சுத்தி பாருங்க, ஈசியா சுத்திக்கிட்டே இருந்தா மாத்துற நேரம். ரெண்டாவது, அந்த உள்குழாய் ஓட்டையாயிட்டா ரேடியேட்டர் தண்ணி கியர் எண்ணெயில கலந்துடும். கலந்தா எப்படி இருக்கும் தெரியுமா, கோப்பிக்கடையில குடிக்கிற ரோஸ் சிரப் பால், அந்த பாண்டுங் மாதிரியே ரோஸ் கலர் பாலா இருக்கும். அத பாத்தீங்கன்னா வண்டிய ஸ்டார்ட் பண்ணாம டோ பண்ணிருங்க, அந்த ரேடியேட்டர் தண்ணி (கூலண்ட்) கிளச் தட்டுல இருக்குற பசையையே கழட்டிடும். லோடு ஜாஸ்தி அடிக்கிற வண்டிக்கு வெளிய தனி கூலர், தட்டு அடுக்குன மாதிரி இருக்குமே அந்த டைப், போடலாம், போட்டா நல்லா காத்து படுற இடமா பாத்து போடச் சொல்லுங்க.

எண்ணெய் மாத்துறது. லைஃப்டைம் எண்ணெய், மாத்தவே வேணாம்னு விக்கிறவங்க சொல்லுவாங்க, யாரோட லைஃப்னு சொல்ல மாட்டாங்க. வண்டியோட வந்த கையேட்டு புத்தகத்துல கடுமையான பயன்பாடுன்னு தனியா ஒரு பட்டியல் இருக்கும், நம்ம வேலை அதுதான். நான் 40 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்துறேன். வண்டி செஞ்ச கம்பெனி என்ன எண்ணெய் சொல்லியிருக்கோ அதேதான், டொயோட்டான்னா டபிள்யூஎஸ், புது ஃபோர்ட் ரேஞ்சர் 10 ஸ்பீடுக்கு மெர்கான் யூஎல்வி, எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய்னு டிரம்ல இருந்து ஊத்துற வொர்க்‌ஷாப்புக்கு கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. கீழ கழட்டி விட்டா பாதிக்கும் குறைவாத்தான் வெளிய வரும், மீதி கன்வெர்ட்டர்ல கிடக்கும், அதனால சில நாள் இடைவெளி விட்டு ரெண்டு மூணு தடவ மாத்துனாதான் சுத்தமாகும். பழைய எண்ணெய ஒரு வெள்ள டிஷ்யூல விட்டு பாருங்க, பிரவுன் ஓகே, கருப்பா கருகுன வாட அடிச்சா மேட்டர் முத்திப் போச்சு. கியர்பாக்ஸ் அடியில எண்ணெய் தேங்குற சம்ப்ல இருக்குற காந்தத்துல சாம்பல் பசை இருந்தா நார்மல், மினுமினுன்னு துண்டு இருந்தா இல்ல.

கடைசியா அளவு. எண்ணெய் அளவு பாக்குற குச்சி (டிப்ஸ்டிக்) இல்லாத வண்டியில குறிப்பிட்ட சூட்டுல, இன்ஜின் ஓடும்போது, ஓவர்ஃப்ளோ ஓட்டை வழியா சொட்டு விழுறத வச்சுதான் அளவு பாக்கணும், எத்தன டிகிரின்னு மாடலுக்கு மாடல் மாறும். சூடு பாக்குற ஸ்கேனர் மாட்டாம தோராயமா ஊத்துனா நிறுத்துங்கன்னு சொல்லுங்க, கழட்டுன எண்ணெய அளவு போட்ட ஜக்குல ஊத்தி உங்க கண்ணு முன்னாடியே அளக்கவும் சொல்லுங்க.