தானாக ஊதும் ஃபிரீடைவிங் வெஸ்ட்டைத் தயார் செய்வது எப்படி

சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் லைஃப் ஜாக்கெட்டுகளைப் பரிசோதிப்பது என் பிழைப்பு. லீவு கிடைத்தால் ஃபிரீடைவிங், அதாவது மூச்சை அடக்கி ஆழத்துக்கு முக்குளிப்பது. அதனால் தண்ணீருக்கடியில் மயங்கியவரை மேலே தூக்கிவரும் இந்த வெஸ்ட் சமாச்சாரம் என்றாலே நண்பர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

கப்பலில் போடும் ஆட்டோமேட்டிக் லைஃப் ஜாக்கெட் இதற்கு உதவாது. தண்ணீர் பட்டாலே ஊதிக்கொள்ளும், அப்புறம் எங்கே முக்குளிப்பது? அமெரிக்க ஈட்டி மீன்பிடி வீரர் டெரி மாஸ் உருவாக்கிய வெஸ்ட் வேறு ரகம். ஆழத்துக்கும் நேரத்துக்கும் வரம்பை நாமே பதிய வேண்டும். எதைத் தாண்டினாலும் கார்பன் டை ஆக்சைடு குப்பி திறந்து காற்றுப்பை நிரம்பும். நீங்கள் மயங்கியது அதற்குத் தெரியாது. கடிகாரமும் நீரழுத்தமும்தான் தெரியும்.

ஆகவே உங்கள் சாதனை நேரத்தைப் பதியாதீர்கள். வழக்கமாக ஒன்றேகால் நிமிடத்தில் மேலே வருபவர் ஒன்றரை நிமிடம் வைக்கலாம். இரண்டரை நிமிடம் வைத்தால், மயங்கியபின் ஒரு நிமிடத்துக்கும் மேல் வெஸ்ட் சும்மா இருக்கும். ஆழமும் அப்படித்தான்: 15 மீட்டர் திட்டமென்றால் 18 போதும்.

அடுத்தது குப்பி. நான் தினமும் மாற்றும் 33 கிராம் குப்பி கடல்மட்டத்தில் ஏறத்தாழ 18 லிட்டர் வாயு தரும். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, வாயுவோ நாலரை லிட்டர்தான். தூக்குவதும் சுமார் நாலரை கிலோ. மூழ்குவதற்காக இடுப்பில் ஈயத்தை அதிகம் கட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். குப்பியின் உடம்பில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், குறைந்தால் தூக்கிப் போடுங்கள். காற்றுப்பையை வாயால் ஊதி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் கசிவு. கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். திறக்கும் பகுதியில் உப்பு படிந்தால் வேலைக்கு ஆகாது.

ஒரு குப்பியைச் செலவழித்தாவது சோதித்துப் பாருங்கள். ஆழமில்லாத இடத்தில், கூட்டாளி பக்கத்தில் இருக்க, வரம்பைக் குறைத்து வைத்து ஊதவிடுங்கள். ஈய பெல்ட்டோடு, உடம்பைத் தளர்த்தியபடி மிதந்தால் முகம் மேலே திரும்புகிறதா? குப்புற மிதக்கவைக்கும் வெஸ்ட்டை நான் வாங்க மாட்டேன்.

“அண்ணே, இது இருந்தா தனியா போலாமா?” என்று ஒரு தம்பி கேட்டான். கூடாது. பல மயக்கங்கள் மேலே வந்து மூச்சு இழுத்த பிறகே வருகின்றன. கூட்டாளி அரை நிமிடமாவது முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மயங்கினால் மாஸ்க்கைக் கழற்றி, கண்ணருகே ஊதி, கன்னத்தில் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூச்சு வராவிட்டால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பூலாவ் ஹந்து தீவுப் பக்கம் தண்ணீர் கலங்கியிருந்தால் கீழே இருப்பவர் தெரியவே மாட்டார். அங்கே இறங்கும் கயிற்றை விட்டு விலகாதீர்கள்.

பாலிக்குப் பறப்பதென்றால் குப்பிகளுக்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். சாங்கியில் பறிமுதல் ஆனால் வெறும் வெஸ்ட்டோடுதான் போக வேண்டியிருக்கும்.